இதயத் தமனிக்குள் ஒளி: ஓ.சி.டி. படிமவியலின் வரலாறும் செங்கல்பட்டுக் கடலோரமும்

ஓ.சி.டி. என்று மருத்துவர்கள் சுருக்கமாக அழைக்கும் ஆப்டிகல் கோஹிரன்ஸ் டோமோகிராபி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு இதயத் தமனியின் உட்சுவரைப் படம்பிடிக்கும் முறையாகும். ஸ்டென்ட் பொருத்தும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையின்போது, அடைப்பு எதனால் ஆனது, எந்த அளவு ஸ்டென்ட் தேவை, பொருத்திய ஸ்டென்ட் சரியாக விரிந்துள்ளதா என்ற கேள்விகளுக்கு இந்தப் படம் விடை தருகிறது. உலக அளவில் இதன் வரலாறு 1991இல் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் அந்த வரலாறு, மாரடைப்பு வந்தவரை உரிய நேரத்தில் ஆஞ்சியோகிராம் மேசைக்குக் கொண்டுவரும் முயற்சியோடு பின்னிக் கிடக்கிறது. மாமல்லபுரம் முதல் செய்யூர் வரையிலான கடலோரத்தை வைத்துப் பார்த்தால் இந்தத் தொடர்பு தெளிவாக விளங்கும்.

தொற்றுநோய்களின் மாவட்டம்

செங்கல்பட்டு என்ற பெயர் உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றது இதயநோயால் அல்ல. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை இந்திய அரசு 1955இல் ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையமாக மாற்றியது. தாம்பரத்தில் காசநோய்க்கான சானடோரியம் 1928இல் அமைந்தது. ரயில் நிலையத்தின் பெயரிலும் அது இன்றுவரை நிலைத்துவிட்டது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு சுமார் 2,60,000 பேரை உள்ளடக்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற அதன் முடிவு உலகெங்கும் விவாதிக்கப்பட்டது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி 1965இல் தொடங்கப்பட்டபோதும் தொற்றுநோய்களே மாவட்டத்தின் பெருங்கவலையாக இருந்தன.

பிறகு நிலைமை மாறியது. சென்னையின் இரண்டு குடியிருப்புப் பகுதிகளில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வொன்று, அவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய் இருப்பதாகக் கண்டது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு இன்னொரு செய்தியைச் சொன்னது: தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்ற நாட்டினருக்கு அது ஏறத்தாழ 59. உழைக்கும் வயதிலேயே நோய் தாக்குகிறது என்பதே இதன் பொருள். கடலுக்குச் செல்பவரோ, பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனத்தில் வேலை பார்ப்பவரோ, இருவருக்கும் இது பொருந்தும்.

நிழலைப் பார்த்துச் செய்த சிகிச்சை

இதயத் தமனியை உயிருள்ள மனிதரில் முதலில் தெளிவாகக் காட்டியது ஒரு தவறுதான். 1958 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவர் பெருந்தமனிக்குள் சாயம் செலுத்த முயன்றபோது, கதீட்டர் வழுவி வலது இதயத் தமனிக்குள் நுழைந்துவிட்டது. சாயம் முழுவதும் அந்தச் சிறு தமனிக்குள் பாய்ந்தது. நோயாளி பிழைத்தார், தமனி ஆற்றுக்கிளைகள்போல் திரையில் தெரிந்தது. அதுவே கரோனரி ஆஞ்சியோகிராமின் தொடக்கம்.

1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் பலூன் கொண்டு அடைப்பை விரித்து முதல் கரோனரி ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். பின்னர் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். 1980களின் நடுவில் சென்னையில் ஆஞ்சியோபிளாஸ்டியைத் தொடங்கி, நாடு முழுவதும் பல மருத்துவர்களைப் பயிற்றுவித்த அவரை இந்திய ஆஞ்சியோபிளாஸ்டியின் தந்தை என்றே இத்துறையினர் அழைக்கிறார்கள். 2025 ஏப்ரலில் அவர் காலமானார். 1986இல் ஐரோப்பாவில் முதல் ஸ்டென்ட்கள் மனிதருக்குப் பொருத்தப்பட்டன. மருந்து பூசிய ஸ்டென்ட்கள் 2000களின் தொடக்கத்தில் வந்தன.

இத்தனை முன்னேற்றத்துக்கும் அடியில் ஒரு குறை அப்படியே இருந்தது. ஆஞ்சியோகிராம் காட்டுவது தமனியை அல்ல. தமனிக்குள் ஓடும் சாயத்தின் நிழலை. குழாயின் உள்விட்டம் குறுகியிருப்பது தெரியும். சுவருக்குள் இருப்பது மென்மையான கொழுப்பா, சுண்ணாம்பாய் இறுகிய கால்சியமா, கிழிந்த படிவின்மேல் உறைந்த ரத்தமா என்பது தெரியாது. வட்டமான துளையும் சப்பையான துளையும் ஒரே கோணத்தில் ஒரே அகலமாகத் தெரியக்கூடும். ஸ்டென்ட்டின் அளவை மருத்துவர் பெரும்பாலும் கண்ணால் மதிப்பிட்டே தேர்ந்தெடுத்தார். அனுபவம் மிக்க கண்கூட இதில் ஏமாறும். போதிய அளவு விரியாத ஸ்டென்ட்டில் பின்னாளில் ரத்தம் உறைவதும், மீண்டும் அடைப்பு வருவதும் இந்த ஏமாற்றத்தின் விலை.

இதைச் சரிசெய்ய முதலில் வந்தது ஒலி. ஐவஸ் எனப்படும் தமனி உள் அல்ட்ராசவுண்ட், கதீட்டர் முனையிலிருந்து மீயொலியை அனுப்பிச் சுவரின் குறுக்குவெட்டைக் காட்டியது. பல மில்லிமீட்டர் ஆழம்வரை அது ஊடுருவும். ஆனால் அதன் கூர்மை 100 மைக்ரான் அளவில்தான் இருந்தது. ஒரு தலைமுடியின் தடிமனை ஒத்த அளவு அது. வெடிக்கக் காத்திருக்கும் கொழுப்புப் படிவின்மேல் மூடியாக இருக்கும் நார்ப்படலமோ 65 மைக்ரானுக்கும் மெல்லியது என்பதை உடற்கூறு ஆய்வுகள் 1997இல் காட்டியிருந்தன. மாரடைப்பைத் தூண்டும் அந்தப் படலத்தை அல்ட்ராசவுண்டால் அளக்க இயலவில்லை.

எதிரொலிக்குப் பதில் எதிரொளி

ஒலி திரும்பிவர எடுக்கும் நேரத்தை மின்னணுக் கருவியால் அளக்கலாம். ஒளியின் வேகத்தில் அது நடவாது. ஆகவே வேறு வழி தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆல்பர்ட் மைக்கெல்சன் அமைத்த குறுக்கீட்டுமானியில் அந்த வழி இருந்தது. ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் திசுவுக்கும் மற்றொன்றை ஒரு கண்ணாடிக்கும் அனுப்பினால், இரண்டும் திரும்பி வந்து சேரும்போது அவை கடந்த தூரங்கள் ஏறத்தாழச் சமமாக இருந்தால் மட்டுமே குறுக்கீட்டு வரிகள் தோன்றும். அலைநீளங்கள் கலந்த ஒளியைப் பயன்படுத்தினால் இந்தச் சமநிலை மிகக் குறுகிய இடைவெளியில் மட்டும் அமையும். கண்ணாடியை நகர்த்த நகர்த்த, திசுவின் எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு ஒளி திரும்புகிறது என்பது தெரிந்துவிடும்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோவின் ஆய்வகத்தில் மாணவராக இருந்த டேவிட் ஹுவாங், பொறியாளர் எரிக் சுவான்சன் ஆகியோர் அடங்கிய குழு, 1991 நவம்பரில் சயின்ஸ் இதழில் இந்த முறையை வெளியிட்டது. அக்கட்டுரையில் இருந்த படங்கள் இரண்டு வகை: ஒன்று விழித்திரை, மற்றொன்று உடலுக்கு வெளியே எடுத்து வைக்கப்பட்ட மனித இதயத் தமனி. கண்ணுக்கென்று பிறந்த கருவி பின்னர் இதயத்துக்கு வந்தது என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. முதல் கட்டுரையிலேயே தமனி இருந்தது என்பதே உண்மை. இருப்பினும் கண் மருத்துவம் முந்திக்கொண்டது; கண் தெளிவான ஊடகம், அசையாமல் உட்கார வைக்கலாம். சென்னையின் கண் மருத்துவமனைகளில் ஓ.சி.டி. என்ற சொல் இதய மருத்துவமனைகளுக்கு முன்பே புழங்கியதும் இதனால்தான். ஃபுஜிமோட்டோ, ஹுவாங், சுவான்சன் மூவருக்கும் 2023இல் லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

தமனியில் இருந்த தடை ரத்தமேதான். சிவப்பணுக்கள் ஒளியைச் சிதறடிக்கும். மூடுபனியில் வண்டியின் விளக்கைப் போட்டால் பாதை தெரியாமல் வெள்ளையாக மட்டும் தெரிவதைப் போன்றது அது. பாஸ்டனில் இக்-கியுங் ஜாங் தலைமையிலான குழு 2002இல் வெளியிட்ட கட்டுரையில், 10 நோயாளிகளின் தமனிகளை ஓ.சி.டி.யாலும் அல்ட்ராசவுண்டாலும் படமெடுத்து ஒப்பிட்டது. தொடக்கக்காலக் கருவிகளுக்குத் தமனியைப் பலூனால் சிறிது நேரம் அடைத்து, ரத்தத்தை அப்புறப்படுத்த வேண்டியிருந்தது. நோயுற்ற இதயத்துக்கு ரத்தத்தை நிறுத்தி வைத்துப் படமெடுப்பது எந்த மருத்துவருக்கும் உவப்பான செயலாக இருக்க முடியாது.

கண்ணாடியை நகர்த்துவதற்குப் பதிலாக, லேசரின் அலைநீளத்தை மிக வேகமாக மாற்றி எல்லா ஆழங்களையும் ஒரே வீச்சில் அளக்கும் இரண்டாம் தலைமுறை வந்தபோது இந்தச் சிக்கல் தீர்ந்தது. சுமார் 1,300 நானோமீட்டர் அலைநீள ஒளி, ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த தடிமனுள்ள கதீட்டருக்குள் சுழலும் ஒளியிழை, வழக்கமான ஆஞ்சியோகிராம் சாயத்தை ஒருமுறை செலுத்தினால் கிடைக்கும் சில விநாடித் தெளிவு ஆகியவை போதுமானவையாயின. பின்வந்த கருவிகளில் 75 மில்லிமீட்டர் நீளத் தமனியைச் சுமார் 2 விநாடிகளில், விநாடிக்கு 180 படங்கள் என்ற வேகத்தில் எடுத்துவிடலாம். கூர்மை 10 முதல் 20 மைக்ரான். அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இவ்வகைக் கருவிக்கு 2010இல் ஒப்புதல் அளித்தது.

சுண்ணாம்புப் படிவைப் பொறுத்தவரை ஓ.சி.டி.க்கு ஒரு தனி வலு உண்டு. மீயொலி கால்சியத்தில் பட்டுத் திரும்பிவிடும், பின்னால் இருட்டு. ஒளி அதற்குள் ஊடுருவுவதால் கால்சியத்தின் தடிமனையும் அளக்கலாம். சுற்றளவில் பாதிக்கு மேல், 0.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளம் என்ற மூன்றும் சேர்ந்திருந்தால் ஸ்டென்ட் சரியாக விரியாது என்று 2018இல் வெளியான ஓர் அளவுகோல் எச்சரிக்கிறது. அத்தகைய தமனியில் முதலில் கால்சியத்தைக் கடைந்தோ, அதிர்வலையால் நொறுக்கியோ விட்டுப் பிறகே ஸ்டென்ட் வைக்க வேண்டும். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகளின் தமனிகளில் கால்சியம் மிகுதியாகப் படிவதால் தமிழ்நாட்டில் இது வெறும் ஏட்டுச் செய்தி அல்ல.

குறைகளும் உள்ளன. ஒளி 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் செல்லாது. இடது முதன்மைத் தமனியின் வாயிலில் ரத்தத்தை முழுமையாக விலக்குவது கடினம்; அங்கு அல்ட்ராசவுண்டே மேல். கூடுதல் சாயம் தேவைப்படுவதால் சிறுநீரகம் பழுதுபட்டவருக்குத் தயங்கித்தான் செய்ய வேண்டும்.

கடலோரத்திலிருந்து கேத் லேப் வரை

மாரடைப்பில் ஓ.சி.டி. என்ன செய்யும் என்பதைப் பேசுமுன், நோயாளி எப்படி வந்து சேர்கிறார் என்று பார்ப்பது அவசியம். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை 50 கிலோமீட்டருக்கு மேல். கோவளம், தேவனேரி, கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் போன்ற மீனவ ஊர்களுக்கும் தெற்கே செய்யூர் உப்பளப் பகுதிக்கும் தொலைவு இன்னும் மாறுபடும். கேளம்பாக்கம், காட்டாங்குளத்தூர், மதுராந்தகம் பக்கங்களில் தனியார் மருத்துவக் கல்லூரிகள் பெருகியது 2000களின் நடுப்பகுதிக்குப் பிறகே.

முழுமையாக அடைபட்ட தமனியை நோய் கண்டறிந்த 120 நிமிடங்களுக்குள் பலூனால் திறக்க முடியுமானால் அதுவே சிறந்தது. முடியாதெனில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டுவிட்டு, அடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் வசதியுள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஃபார்மகோ-இன்வேசிவ் என்று பெயர் பெற்ற இந்த இரண்டாம் வழி, நெரிசலும் தொலைவும் உள்ள நாட்டுக்கு ஏற்றதா என்ற கேள்வியைத் தமிழ்நாட்டு மருத்துவர்களே எடுத்து ஆராய்ந்தார்கள். சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லசாரியும் கோயம்புத்தூரின் தாமஸ் அலெக்சாண்டரும் பங்கேற்ற ஸ்டெப்-ஏஎம்ஐ ஆய்வு 2014இல் வெளியானது. அதில் 200 நோயாளிகள். 45 பேருக்கு ஊசிக்குப் பின் ஆஞ்சியோபிளாஸ்டி, 155 பேருக்கு நேரடி ஆஞ்சியோபிளாஸ்டி. சிறிய ஆய்வுதான். ஆனால் ஊசி வழியே வந்தவர்களில் பலருக்கு, மேசைக்கு வரும்போதே தமனி திறந்திருந்தது.

அடுத்து நடந்தது இதைவிட முக்கியமானது. ஸ்டெமி இந்தியா என்ற அமைப்பின் வழியாக, சிறு மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடு இணைத்து, 2008இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவையையும் அரசு காப்பீட்டுத் திட்டத்தையும் ஒரே சங்கிலியில் கோத்தார்கள். நான்கு தொகுதிகளில் 2,420 நோயாளிகளைத் தொடர்ந்த இந்தத் திட்டத்தின் முடிவுகள் 2017இல் ஜாமா கார்டியாலஜி இதழில் வந்தன. நோயாளிகளின் சராசரி வயது 55க்கும் குறைவு. ஆஞ்சியோகிராம் செய்யப்பட்டவர்கள் 35 விழுக்காட்டிலிருந்து 60.8 ஆகவும், ஆஞ்சியோபிளாஸ்டி பெற்றவர்கள் 20.8 விழுக்காட்டிலிருந்து 46.6 ஆகவும் உயர்ந்தனர். ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. பெரிய மருத்துவமனைக்கு நேரே வந்தவர்களைவிட, சிறு மருத்துவமனைகளில் முதலில் சேர்ந்தவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது. இந்த மாற்றத்தில் புதிய கருவி எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்; இ.சி.ஜி.யும் ஊசியும் ஆம்புலன்ஸும் பழையவையே.

ஓ.சி.டி. நுழைவது இதற்கு அடுத்த கட்டத்தில். ஊசி போட்ட பின் வரும் நோயாளியின் ஆஞ்சியோகிராமில் சில நேரம் சிறிய குறுகல் மட்டும் மிஞ்சியிருக்கும். அது கரைந்துகொண்டிருக்கும் ரத்தக்கட்டா, அல்லது வெடித்த கொழுப்புப் படிவா? நிழலை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான். ஒளிப்படத்தில் நார்ப்படலம் கிழிந்திருப்பதும், படலம் கிழியாமல் மேற்பரப்பு மட்டும் தேய்ந்து அதன்மேல் ரத்தம் உறைந்திருப்பதும் தனித்தனியாகத் தெரியும். இரண்டாவது வகைக்கு ஸ்டென்ட்டே தேவையில்லாமல் போகலாம் என்ற கருத்தைச் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்களும் பாஸ்டனின் ஜாங்கும் இணைந்து சோதித்தார்கள். ஈரோஷன் எனப்பட்ட அந்த ஆய்வில், தேய்வு வகை மாரடைப்பு வந்து, எஞ்சிய அடைப்பு 70 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்த 60 பேர் ஸ்டென்ட் இன்றி மருந்துகளோடு மட்டும் வைக்கப்பட்டனர். ஒரு மாதம் கழித்து மறுபடி படமெடுத்த 55 பேரில் 47 பேருக்கு ரத்தக்கட்டு பாதிக்கு மேல் கரைந்திருந்தது. எல்லாருக்கும் பொருந்தும் விதியாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வு அது. என்றாலும், ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு வரும் ஒருவர் வாழ்நாள் முழுவதும் ஓர் உலோக வலையைச் சுமக்க வேண்டுமா என்ற கேள்வி அற்பமானதல்ல.

பலன் எவ்வளவு, செலவு யாருடையது

அழகான படம் கிடைப்பதும் நோயாளி நலமடைவதும் ஒன்றல்ல. 2023இல் மூன்று பெரிய ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின. ரினோவேட் ஆய்வில் சிக்கலான அடைப்புள்ள 1,639 பேரில், அல்ட்ராசவுண்டோ ஓ.சி.டி.யோ பயன்படுத்தியவர்களுக்குத் தீய விளைவுகள் 7.7 விழுக்காடு, ஆஞ்சியோகிராமை மட்டும் நம்பியவர்களுக்கு 12.3. கிளை பிரியும் இடத்து அடைப்புகளை எடுத்துக்கொண்ட அக்டோபர் ஆய்வில் 1,201 பேர். இரண்டு ஆண்டுகளில் ஓ.சி.டி. குழுவில் 10.1 விழுக்காடு, மற்ற குழுவில் 14.1. ஆனால் 2,487 பேரைக் கொண்ட இலுமியன்-4 ஆய்வு வேறு விதமாக முடிந்தது. ஓ.சி.டி. வழிகாட்டலில் ஸ்டென்ட் அதிகமாக விரிந்தது. குறைந்தபட்சப் பரப்பு 5.36க்குப் பதில் 5.72 சதுர மில்லிமீட்டர். இருந்தும், சிகிச்சை தோல்வியுற்ற விழுக்காடு 7.4, 8.2 என்று கணக்கில் வேறுபாடு இல்லாத அளவுக்கு நெருங்கி நின்றது. ஸ்டென்ட்டில் ரத்தம் உறைதல் மட்டும் 1.4 விழுக்காட்டிலிருந்து 0.5 ஆகக் குறைந்தது.

இந்த முடிவுகளைச் சேர்த்துப் படித்தால், எளிய குறுகிய அடைப்புக்கு ஓ.சி.டி. இல்லாமலும் சமாளிக்கலாம், நீண்ட அல்லது கிளை பிரியும் அடைப்பில் அதைத் தவிர்ப்பது நோயாளிக்கு இழப்பு என்று கொள்வதே பொருத்தம். ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 நெறிமுறையும் அமெரிக்கச் சங்கங்களின் 2025 நெறிமுறையும் சிக்கலான அடைப்புகளுக்கு அல்ட்ராசவுண்ட் அல்லது ஓ.சி.டி.யை முதல் வகைப் பரிந்துரையாக ஏற்றுள்ளன.

இந்தியாவில் செலவுக்கணக்கு இதை வேறு திசையில் இழுக்கிறது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் விலையை 29,600 ரூபாய்க்கும், வெறும் உலோக ஸ்டென்ட்டின் விலையை 7,260 ரூபாய்க்கும் கட்டுப்படுத்தியது. ஓராண்டு கழித்து மருந்து பூசியதன் உச்சவரம்பு 27,890 ரூபாயாகக் குறைந்தது. இந்த ஆணை ஸ்டென்ட்டுக்கு உரியது. ஒருமுறை பயன்படுத்தியதும் எறியப்படும் ஓ.சி.டி. கதீட்டருக்கு அல்ல. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் போன்றவற்றில் ஒரு சிகிச்சைக்கு ஒரு தொகுப்புத் தொகை என்பதே அடிப்படை. தொகுப்புக்குள் அடங்காத கதீட்டரை மருத்துவமனை தன் கையிலிருந்து போட வேண்டும், அல்லது குடும்பத்திடம் கேட்க வேண்டும். இரண்டும் நடக்காத இடத்தில் பழையபடி கண் மதிப்பீடே தொடரும். கால்சியம் இறுகிய தமனியில் தவறாக விரிந்த ஸ்டென்ட்டுக்கு மறு ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய ஆகும் செலவு இந்தக் கணக்கில் ஏறுவதில்லை என்பது விந்தை.

2023இல் தமிழ்நாடு அரசு இதயம் காப்போம் திட்டத்தைத் தொடங்கி, மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்குக் கொடுக்க வேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளை ஆரம்பச் சுகாதார நிலையங்களிலேயே இருப்பு வைத்தது. கடலோரத்து நோயாளி ஒருவருக்கு இப்போது சிகிச்சை அந்த மாத்திரைகளிலிருந்து தொடங்குகிறது. இ.சி.ஜி., கரைக்கும் ஊசி, 108 வண்டி, ஆஞ்சியோகிராம் என்று அது நீள்கிறது. தமனிக்குள் ஒளி செலுத்திப் பார்ப்பது அவற்றுக்குப் பின், அதுவும் அவர் சென்று சேரும் மருத்துவமனையில் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் இருந்தால் மட்டும் நடக்கிறது.